சேஸ் கவுண்டியின் கற்கட்டடங்கள்



அமெரிக்க ஐக்கிய நாட்டில் புராதனக் கட்டடங்கள் காக்கப்படும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நீங்கள் என்னைப் பணித்தபோது, நியூயார்க்கையோ பாஸ்டனையோ வாஷிங்டனையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று உங்களில் பலர் எண்ணியிருக்கக்கூடும். அந்த மகாநகரங்களின் மாளிகைகளைப் பாடுவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது, அந்தத் தேசத்தின் நட்டநடுவே, கான்சஸ் மாநிலத்தில், ஏறத்தாழ 780 சதுர மைல் பரப்பில் 2,500 பேர் அளவே குடியிருக்கும் சேஸ் கவுண்டி என்னும் நாட்டுப்புறப் பிரதேசத்துக்கு.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. ஜில்லா என்று அதை மொழிபெயர்த்துவிடலாமாயினும், அங்கே பத்திரங்களைப் பதிவு செய்பவரும், வரிப்பணத்தை வைத்துக் காப்பவரும், காவலை நடத்தும் ஷெரீபும் அவ்வூர் மக்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், ஒரு கவுண்டிக் கச்சேரி, அதாவது நீதிமன்றமும் பொது அலுவலகங்களும் கூடிய கட்டடம், அந்தச் சிறு சமூகத்துக்கு எத்தகைய பொருளுடையது என்பது விளங்கும். 1859ஆம் ஆண்டில் இந்தக் கவுண்டி வகுக்கப்பட்டபோது, அடிமை முறையை எதிர்த்து நின்றவரும், பின்னாளில் லிங்கனின் நிதியமைச்சராகவும் அதன்பின் தேசத்தின் தலைமை நீதிபதியாகவும் விளங்கியவருமான சால்மன் சேஸ் என்பாரின் பெயரை இதற்கு வைத்தார்கள். கான்சஸ் அடிமை மாநிலமாவதா சுதந்திர மாநிலமாவதா என்று ரத்தம் சிந்திப் போராடிய காலம் அது.

கட்டடங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தப் பிரதேசத்தில் மண் வேறு, கட்டடம் வேறு என்று பிரித்துப் பேசுவதற்கு இடமே இல்லை. பூர்வத்தில் கடல் கிடந்த இடம் அது. அக்கடலின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லும், அதன் இடையிடையே கெட்டிப்பட்ட சிக்கிமுக்கிக்கல்லுமாக அடுக்கடுக்காய் அமைந்தவையே அவ்வூர்க் குன்றுகள். 1806இல் அவ்வழியே சென்ற செபுலன் பைக் என்னும் ராணுவ அதிகாரி தமது குறிப்பேட்டில் அவற்றைச் சிக்கிமுக்கிக் குன்றுகள் என்று எழுதிவைத்தார்; பிளின்ட் ஹில்ஸ் என்ற அப்பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. கனடா முதல் டெக்ஸாஸ் வரை ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் பரப்பில் ஆளுயரப் புல் அலையடித்துக்கொண்டிருந்த பெருவெளியில், எஃகுக் கலப்பை வந்த ஒரு தலைமுறைக்குள் பெரும்பகுதி உழுது புரட்டப்பட்டு மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் வயலாகிவிட்டது. நூற்றில் நான்கு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதில் பெரும்பாகம் இந்தக் குன்றுகளின்மேல் இருக்கிறது. கொழுமுனை இறங்கிய இடமெல்லாம் கல்லில் முட்டிக்கொண்டு நின்றதால் உழவன் ஆற்றோரத்துப் பள்ளங்களோடு திரும்பிப்போனான். குன்றின்மேல் புல் பிழைத்துக்கொண்டது.

புல் பிழைத்ததால் மாடு வந்தது. சுண்ணாம்பில் வேரோடிய அந்தப் புல்லை ஒரு கோடைக்காலம் மேய்ந்த மாடு கொழுத்துவிடும் என்பது டெக்ஸாஸ் வரை தெரிந்த செய்தி. மரமோ ஆற்றங்கரையில் மாத்திரம் உண்டு; கல்லோ காலடியிலேயே கிடந்தது. ஆகவே குடியேறியவன் வீட்டைக் கல்லால் கட்டினான். தொழுவத்தைக் கல்லால் கட்டினான். வேலியையும் கல்லாலேயே கட்டினான். 1867இல் கான்சஸ் சட்டசபை திறந்தவெளி மேய்ச்சலை முடிவுக்குக் கொண்டுவந்து, நாலரை அடி உயரத்துக்குக் கல்வேலி எடுத்துப் பராமரிப்பவருக்குப் பதினாறரை அடி நீளத்துக்கு 40 சென்ட் வீதம் கூலி கொடுப்பதென்று சட்டம் செய்தது. சாந்து என்பதே இல்லாமல், ஒரு கல்லின் முதுகில் மறு கல்லின் வயிறு பொருந்துமாறு அடுக்கிய அவ்வேலிகள் மைல் கணக்கில் குன்றேறிக் குன்றிறங்கிச் செல்வதை இன்றும் காணலாம்.

இந்தக் கல்லிலிருந்து எழுந்தவற்றுள் தலையாயது காட்டன்வுட் பால்ஸ் என்னும் ஊரிலுள்ள கவுண்டிக் கச்சேரி. ஊர் என்றால் பெரிய ஊராக நினைத்துவிட வேண்டாம். ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர் அது. வடக்கே காட்டன்வுட் ஆறு. ஆற்றிலிருந்து தெற்கு நோக்கி வரும் செங்கல் பாவிய அகன்ற தெரு ஒன்று. தெருவின் கோடியில், வழியை மறித்து நிற்பதுபோல, வெளுத்த சுண்ணாம்புக்கல் சுவர்களும், செங்குத்தாகச் சரிந்து உச்சியில் தட்டையாக முடியும் பிரெஞ்சுப் பாணிக் கூரையும், அதன்மேல் கடிகார கோபுரமுமாக எழுந்து நிற்கிறது அக்கட்டடம். தரையிலிருந்து கோபுர முனை 113 அடி உயரம். வரைந்தவர் ஜான் ஹாஸ்கெல்; டொபீகா நகரத்து மாநில சட்டமன்ற மாளிகையின் கட்டுமானத்திலும் பங்குகொண்ட கட்டடக் கலைஞர். 1871இல் தொடங்கி 1873 அக்டோபரில் திறந்துவைத்தார்கள்.

மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் நகரில் தழைத்த பாணி அது. அதே பாணியில், அதே 1871ஆம் ஆண்டில், பிலடெல்பியா என்னும் மகாநகரம் தன் நகர மண்டபத்தைக் கட்டத் தொடங்கியது. அந்நகரம் செல்வத்தில் திளைத்தது. சேஸ் கவுண்டியில் அன்றிருந்த மக்களோ சுமார் 2,000 பேர். அவர்களிற் பலர் இன்னும் மரத்துண்டுகளை அடுக்கிய குடிசையில் வசித்தவர்கள். சொந்த வீட்டுக்கு நல்ல கூரை போட்டுக்கொள்ளாதவர்கள், நாற்பதாயிரம் டாலருக்கு மேல் செலவிட்டுப் பொதுக் கச்சேரிக்கு இத்தகைய கூரையைப் போட்டார்கள் என்பதை நான் படித்த நாள் முதல் அந்த ஜனங்களிடத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. நாங்கள் இங்கே தங்கியிருக்கப்போகிறோம், ஓடிவிடப்போவதில்லை என்று தங்களுக்கும் பிறருக்கும் அவர்கள் எழுதிக்கொடுத்த உறுதிப்பத்திரமாகவே அந்தக் கட்டடத்தை நான் கருதுகிறேன்.

உள்ளே நுழைந்தால் சுருண்டு சுருண்டு மூன்று நிலைக்கும் ஏறும் மரப்படிக்கட்டு ஒன்று உண்டு. அது முழுவதும் கருவாதுமை மரம்; காட்டன்வுட் ஆற்றங்கரையில் நின்றவற்றை வெட்டிச் செய்தது. கல் குன்றிலிருந்து, மரம் ஆற்றிலிருந்து. கவுண்டியின் இரண்டு முகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் படிகளில் ஏறி மக்கள் 1873 முதல் இன்றுவரை இடையறாமல் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கான்சஸில் கட்டியநாள் தொட்டு இன்றளவும் கச்சேரியாகவே நடந்துவரும் கட்டடங்களில் இதுவே மூத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தைச் சொல்லுமுன் அமெரிக்கச் சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். 1963இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த துக்கமும், நெடுஞ்சாலைகளுக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் பழைய தெருக்கள் வரிசையாக மறைந்துகொண்டிருந்த அச்சமும் சேர்ந்து, 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமாகப் பிறந்தன. அச்சட்டம் ஒரு தேசியப் பதிவேட்டை ஏற்படுத்தியது. சரித்திர நிகழ்ச்சியோடோ, குறிப்பிடத்தக்க ஒருவரின் வாழ்வோடோ, கட்டடக்கலைத் திறத்தோடோ, தொல்பொருள் அறிவோடோ தொடர்புடையதாய், பொதுவாக 50 வயது நிரம்பியதாய் உள்ள எக்கட்டடமும் அதில் இடம்பெறலாம். சேஸ் கவுண்டிக் கச்சேரி 1971இல் இடம்பெற்றது. கிளெமென்ட்ஸ் என்னும் குக்கிராமத்தருகே காட்டன்வுட் ஆற்றின்மேல் 1880களில் எழுப்பிய இரட்டை வளைவுக் கற்பாலமும் பதிவேட்டில் உள்ளது. வண்டிகளுக்கு மூடப்பட்டு, இப்போது கால்நடையாகச் செல்பவரை மாத்திரம் சுமக்கிறது.

பதிவேட்டில் ஏறிவிட்டால் கட்டடம் பத்திரமாகிவிடுகிறது என்று நினைப்பது பெரும் பிழை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த ஒரு திட்டம் அக்கட்டடத்தைத் தொடுமானால், அதனால் நேரும் விளைவை முன்கூட்டி ஆராய்ந்து மாநிலப் பாதுகாப்பு அதிகாரியோடு கலந்து பேச வேண்டும் என்பதே அந்தச் சட்டம் விதிக்கும் முக்கியமான கட்டுப்பாடு. வருமானம் தரும் கட்டடத்தை அதன் இயல்பு கெடாமல் செப்பனிடுபவருக்குச் செலவில் நூற்றுக்கு இருபது வரியில் கழிவு கிடைக்கும். தனியொருவர் தம் சொந்தப் பணத்தில், தம் சொந்த நிலத்தில் நிற்கும் பதிவேட்டுக் கட்டடத்தை நாளைக் காலையில் இடிக்க முற்பட்டால், தேசியப் பதிவேடு அவர் கையைப் பிடிக்காது. மாநிலத்தின் அல்லது ஊராட்சியின் விதி ஒன்று தனியாக இருந்தாலொழியத் தடையில்லை. உடைமையாளர் ஆட்சேபித்தால் பதிவேட்டில் சேர்க்கவும் முடியாது. ஆக, அந்த ஏடு கதவுக்குப் பூட்டாக இருப்பதைக் காட்டிலும், இது மதிப்புள்ளது என்று தேசம் சொல்லும் சாட்சியாகவே பெரிதும் இருக்கிறது. சாட்சியின் சொல்லுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் சாட்சி சுவரைத் தாங்கமாட்டார்.

கச்சேரியைத் தாங்கியது அன்றாடப் புழக்கம் என்பது என் அபிப்பிராயம். நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் அங்கே போக வேண்டியிருந்தது, வரி கட்ட வேண்டியிருந்தது, வழக்காட வேண்டியிருந்தது, ஆகவே கூரை ஒழுகினால் அது எல்லாருடைய தலையிலும் ஒழுகியது. இன்னொன்றும் உண்டு. 1900இல் 8,000ஐத் தாண்டிய ஜனத்தொகை அதன்பின் குறைந்துகொண்டே வந்தது. செழித்து வளர்ந்த கவுண்டிகள் பல, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தங்கள் பழைய கச்சேரிகளைத் தள்ளிவிட்டுத் தட்டைக் கூரைப் புதுக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், சேஸ் கவுண்டி தன்னிடமிருந்ததை வைத்தே காலம் தள்ளியது. கட்டியபோது இருந்த அளவுக்கே மக்கள் இன்று சுருங்கிவிட்டார்கள். பேரனுக்குத் தாத்தாவின் அங்கி சரியாகப் பொருந்தியதுபோல அக்கட்டடம் அவர்களுக்கு இன்றும் பொருந்துகிறது.

ஆற்றைக் கடந்து, சாண்டா பே ரயில் கம்பெனியின் தலைவர் ஒருவர் பெயரைத் தாங்கிய ஸ்ட்ராங் ஸிடி என்னும் அடுத்த ஊரையும் கடந்து, வடக்கே இரண்டு மைல் போனால் ஸ்பிரிங் ஹில் பண்ணை வரும். டென்னஸியில் பிறந்து, டெக்ஸாஸிலும் கொலராடோவிலும் மாடு வளர்த்துப் பொருளீட்டிய ஸ்டீபன் ஜோன்ஸ் என்பவர் தம் மனைவி லூயிஸாவோடு 1878இல் இங்கு வந்து ஏறத்தாழ 7,000 ஏக்கர் நிலம் சேர்த்து, 1881இல் பதினோரு அறை கொண்ட மாளிகை ஒன்றைக் கட்டினார். ஸ்ட்ராங் ஸிடிக் கல்வெட்டாங்குழியில் எடுத்த கல். கச்சேரிக்குப் போட்ட அதே பிரெஞ்சுக் கூரை. மூன்று நிலைத் தொழுவம் 110 அடி நீளம், 60 அடி அகலம்; குன்றின் சரிவை வெட்டிக் கட்டியதால், கீழே மாடுகளும் குதிரைகளும் நிற்க, உச்சி நிலைக்கு வண்டியோடு நேரே ஏறிப்போய் வைக்கோலை இறக்கும் வசதியோடு அமைந்தது. வேலியோ சுமார் முப்பது மைல் நீளம்.

மாளிகையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது பின்புறத்துச் சில்லறைக் கட்டடங்கள்தாம். பனிக்கட்டி சேமிக்கும் அறை, இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்தும் அறை, ஊற்றுநீரால் பாலைக் குளிர்விக்கும் அறை, மூன்று பேருக்கு இடமுள்ள கழிப்பிடம், யாவும் அதே பொளிந்த சுண்ணாம்புக்கல். கோழிக்கூண்டுக்குக்கூடக் கல் வளைவு எடுத்து, அதன்மேல் மண்ணும் புல்லும் மூடி வேய்ந்திருக்கிறார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. கொத்தனுடைய கை மாளிகைக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று பேதம் பார்க்கவில்லை. இத்தனையையும் எழுப்பிய ஜோன்ஸ் ஏழே ஆண்டுகளில், 1888இல், பண்ணையை விற்றுவிட்டார். பார்னி லான்ட்ரி என்னும் கல் ஒப்பந்தக்காரர் அதை வாங்கினார்.

விற்பதற்கு முன் ஜோன்ஸ் ஒரு நற்காரியம் செய்திருந்தார். தம் நிலத்தில் ஒரு மூலையை 1882இல் பள்ளிக்கூடத்துக்கென்று கொடுத்தார். லோயர் பாக்ஸ் கிரீக் பள்ளி என்று பெயர். ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், எட்டு வகுப்பும் ஒன்றாகவே உட்காரும். 1884 முதல் 1930 வரை பாடம் நடந்தது. பிறகு குழந்தைகள் இல்லை. இங்கேதான் நான் முன்பு சொன்ன அபிப்பிராயத்துக்கு ஒரு விதிவிலக்கு எழுகிறது. புழக்கம் போன கட்டடம் அது. ஆயினும் குன்றின்மேல் சுற்றுமுற்றும் ஒரு மரமுமின்றி, புல்லுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பெட்டிபோல நிற்கும் அதைச் சாலையில் போகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள். அப்பக்கத்துத் தோட்டக் கழகப் பெண்கள், பூச்செடி வளர்க்கக் கூடியவர்கள், அதைச் செப்பனிட்டுப் பெஞ்சுகளை மீண்டும் வரிசையாகப் போட்டுவைத்தார்கள். 1974இல் அது பதிவேட்டில் ஏறிற்று. பார்வையில் பட்டுக்கொண்டிருப்பதும் ஒருவகைப் புழக்கமே என்று என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன்.

பண்ணை பொதுமக்களுக்கு உரியதான கதை நீண்டது. வழக்கும் கோபமும் நிறைந்தது. புல்வெளியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்ற யோசனை முதலில் வடக்கேயுள்ள வேறொரு கவுண்டியைக் குறித்தே எழுந்தது. 1961 டிசம்பரில் உட்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் ஹெலிகாப்டரில் அந்த நிலத்தைப் பார்க்க வந்து இறங்கியபோது, நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த மாட்டுக்காரர் எதிரே நின்று, என் நிலத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார். அந்த எதிர்ப்பைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று தலைமுறையாகப் புல்லை உழாமல், இளவேனிலில் தீயிட்டு, மாடு மேய்த்து, இன்று எல்லாரும் காக்க வேண்டுமென்று சொல்லும் அந்தப் புல்லை ஏற்கெனவே காத்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தாம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டால் தங்கள் பிழைப்பும், வரி குறைவதால் தங்கள் பள்ளிக்கூடங்களும் என்னவாகும் என்று அவர்கள் கேட்டதற்கு நேர்மையான பதில் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

முடிவில் 1996 நவம்பரில், செனட்டர் நான்ஸி காஸபாமின் முயற்சியால், ஒரு நூதனமான சமரசம் சட்டமாயிற்று. ஸ்பிரிங் ஹில் பண்ணையின் 10,894 ஏக்கர் தேசியக் காப்பகமாகும். ஆனால் மத்திய அரசு அதில் 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மிகுந்த நிலம் முழுவதும் தனியார் அறநிறுவனத்தின் உடைமையாகவே நிற்கும். மறு ஆண்டில் பண்ணைக் கட்டடங்கள் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் மேலான தகுதியையும் பெற்றன. 2009இல் தெற்கு டகோட்டாவிலிருந்து 13 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜோன்ஸ் காலத்துக்கு முன்பே அந்தக் குன்றுகளில் வேட்டையாடி ஒழிக்கப்பட்ட மிருகம் மேய்ந்துகொண்டிருந்த நிலம் இன்று மறுபடியும் அதற்கு உரியதாயிற்று.

இதுவரை கல்லை எடுத்துக் கட்டியவர்களின் பெருமையையே பேசினேன். அந்தக் குன்றுகளில் அதற்கு முன் வேட்டையாடித் திரிந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நியாயமாகாது. காவ் என்றும் கான்ஸா என்றும் வழங்கும் பழங்குடியினர் அவர்கள். கான்சஸ் என்ற மாநிலப் பெயரே அவர்களுடைய பெயர். 1929இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியான சார்லஸ் கர்ட்டிஸ் அக்குலத்து வழிவந்தவர். சிறுவனாக அவர்களோடு வாழ்ந்தவர். சேஸ் கவுண்டிக்கு வடக்கே, கவுன்ஸில் குரோவ் என்னும் ஊருக்கு அருகில், வரவரச் சுருங்கிய ஓர் ஒதுக்கு நிலத்தில் அவர்களை அரசாங்கம் வைத்திருந்தது. 1860களின் தொடக்கத்தில், அவர்களைக் குடியானவர்களாக்கும் நோக்கத்தோடு, அவ்விடத்துச் சுண்ணாம்புக்கல்லையே கொண்டு 130க்கும் மேற்பட்ட சிறு கல்வீடுகளை அவர்களுக்காகக் கட்டிக்கொடுத்தார்கள். மரக்கொம்புகளை வளைத்துப் பட்டையும் பாயும் போர்த்திய தங்கள் குடில்களை விட்டு அந்த வீடுகளுக்குள் போக அவர்களுக்கு மனமில்லை. குதிரைகளை அவற்றில் கட்டிவைத்தார்கள்.

1873 ஜூன் மாதத்தில், தலைவர் அலிகவாஹோவின் ஆட்சேபங்கள் செவியேறாமல், சுமார் 500 பேரான அம்மக்கள் இன்றைய ஓக்லஹோமாவாகிய தெற்குப் பிரதேசத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில்தான் காட்டன்வுட் பால்ஸில் கச்சேரியைத் திறந்துவைத்தார்கள். நான்கே மாத இடைவெளி. கச்சேரியின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு தேதிகளும் சேர்ந்தே என் நினைவுக்கு வருகின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொல்ல என்னால் இயலவில்லை. பட்டைக் குடில் கட்டியவர்களுடைய கைவேலை எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறும் அளவுக்குத் தரைமேல் நிற்கவில்லை.

அந்தக் கல்வீடுகள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. கற்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். லிட்டில் ஜான் ஓடையின் கரையில் சிலவற்றின் சுவர்கள் மாத்திரம், கூரையும் கதவுமின்றி, புல்லுக்கு நடுவே நிற்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓக்லஹோமாவில் வாழும் காவ் மக்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்து அந்த ஓடைக்கரை நிலத்தை மீண்டும் விலைக்கு வாங்கினார்கள். அதற்கு அலிகவாஹோவின் பெயரை வைத்தார்கள். அவர்களுடைய முன்னோர் குடியிருக்க மறுத்துக் குதிரை கட்டிவைத்த அந்த வீடுகளின் இடிந்த சுவர்களை இன்று அவர்களே காத்து வருகிறார்கள்.